வார இறுதி வீரர்கள்

வட அமெரிக்காவின் உள்ளரங்க லக்ராஸ் லீகில் ரசிகர்கள் உண்டு, கோப்பை உண்டு. ஆட்டக்காரர்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் வேறு வேலை

ஒரே குடும்பம், ஒரே பெயர். இளையவர் ஜான் டவாரஸ் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம். 2018இல் டொரன்டோ அணி அவரை ஏழாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தபோது பேசி முடித்த தொகை 7.7 கோடி டாலர். மூத்தவர் ஜான் டவாரஸ் அவருடைய தந்தையின் சகோதரர். நேஷனல் லக்ராஸ் லீகில் பஃபலோ பேண்டிட்ஸ் அணிக்காக 1992 முதல் 2015 வரை ஆடி 815 கோல்கள் போட்டவர். ஓய்வு பெற்றபோது லீகின் கோல் சாதனை அவர் வசம்தான் இருந்தது. ஆனால் அவர் பிழைப்புக்குச் செய்தது, கனடாவின் மிசிசாகா நகரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை.

இவர் விதிவிலக்கு அல்ல. இந்த லீகில் ஆடுபவர்களில் ஆசிரியர்கள், தீயணைப்பு வீரர்கள், போலீஸ்காரர்கள் எனப் பலர் உண்டு. ஆட்டத்துக்குக் கிடைக்கும் சம்பளம் மட்டும் குடும்பம் நடத்தப் போதாது. அதனால்தான் ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் நடக்கின்றன. வேலை முடிந்ததும் மட்டையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுபவர்கள், திங்கள் காலை மறுபடி வேலையில் நிற்க வேண்டும்.

2024-25 சீசனில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 14 அணிகள் மோதின. குளிர்காலம் முழுக்க நடந்த லீக் சுற்றில் அணிக்கு 18 ஆட்டங்கள். அதில் தேறிய எட்டு அணிகள் அடுத்த கட்டத்துக்குப் போயின. மூன்று ஆட்டங்கள் கொண்ட இறுதிப் போட்டியில் சஸ்கட்சவன் ரஷ் அணியை 2-1 என்று வென்றது பஃபலோ. 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்றாவது கோப்பை. இதற்கு முன் இதைச் சாதித்த ஒரே அணி ரோசெஸ்டர் (2012-14). பஃபலோவின் மூன்று வெற்றிகளின்போதும் பயிற்சியாளராக இருந்தவர் அந்தப் பழைய கணக்கு வாத்தியார்தான்.

ஆட்டமே ஒரு சூறாவளி. ஐஸ் ஹாக்கி அரங்கில் செயற்கைப் புல் விரிப்புப் போட்டு ஆடுகிறார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு கோல்கீப்பர். மட்டையின் நுனியில் இருக்கும் வலைப் பையில் கெட்டியான ரப்பர் பந்தை ஏந்தி ஓட வேண்டும். 30 வினாடிக்குள் கோலை நோக்கி அடிக்காவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். சுற்றுச்சுவரில் மோதித் திரும்பும் பந்தும் ஆட்டத்தில் சேர்த்தி. இடித்துத் தள்ளுவதும் அப்படியே.

அரங்குக்குள் இந்த ஆட்டம் நுழைந்ததே ஒரு வியாபாரக் கணக்கில்தான். 1931இல் கனடாவில், ஐஸ் ஹாக்கி இல்லாத கோடையில் அரங்குகள் சும்மா கிடப்பதைப் பார்த்த முதலாளிகள் கண்டுபிடித்த வழி இது. அந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை. பஃபலோ, கால்கரி, வான்கூவர், ஃபிலடெல்ஃபியா போன்ற ஊர்களில் லக்ராஸ் அணியும் ஐஸ் ஹாக்கி அணியும் ஒரே உரிமையாளர் கையில் இருக்கின்றன. இதில் பஃபலோவின் கதை சுவாரஸ்யமானது. அதே முதலாளியின் ஐஸ் ஹாக்கி அணியான சேபர்ஸ், 2012 முதல் 2025 வரை தொடர்ந்து 14 சீசன்கள் பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. கோடிகளில் சம்பளம் வாங்கியவர்களால் முடியாததை, அதே அரங்கில் வார இறுதி ஆட்டக்காரர்கள் மூன்று முறை செய்து காட்டினார்கள்.

ஆனால் லக்ராஸ் முதலாளிகளின் கண்டுபிடிப்பு அல்ல. அரங்குக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அது வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஆட்டம். இரக்வாய் என்று வெள்ளையர் அழைத்த ஹோடினோஷோனி மக்களுக்கு அது படைத்தவன் தந்த விளையாட்டு, நோய் தீர்க்கும் மருந்து. அந்த மக்களில் ஒருவரான லைல் தாம்ப்ஸன், ஜார்ஜியா ஸ்வார்ம் அணி 2017இல் கோப்பை வெல்லக் காரணமாக இருந்தவர். பின்னிய நீண்ட கூந்தல் அவருடைய மரபின் அடையாளம். 2019 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில், அந்தப் பின்னலை அறுக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் கூவினார் அரங்கின் அறிவிப்பாளர். தலைத்தோலை உரிக்கச் சொல்லிக் கூட்டத்திலிருந்தும் குரல்கள் எழுந்தன. லீக் மன்னிப்புக் கேட்டது. அறிவிப்பாளர் வேலை இழந்தார். எந்த மக்களின் ஆட்டத்தை டிக்கெட் போட்டு விற்கிறார்களோ, அந்த மக்களுக்கே இந்த மரியாதை.

லீகுக்கும் நிலையான தரை அமையவில்லை. 1987இல் நான்கு அணிகளோடு தொடங்கியதிலிருந்தே அணிகள் முளைப்பதும் மறைவதும் வழக்கம். 2024இல் டெக்சஸின் பேந்தர் சிட்டி அணி மூடப்பட்டது. நியூயார்க் அணி ஒட்டாவாவுக்குப் போனது. 2025இல் ஆல்பனி அணி ஒஷாவாவுக்கு இடம் மாறியது. கணக்கு சரிப்படாவிட்டால் முதலாளி அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். ஆட்டக்காரர் அப்படிப் போக முடியாது. அவர் வேலையும் வீடும் ஓர் ஊரில் இருக்கின்றன. அணி எங்கே போனாலும், வெள்ளிக்கிழமை அங்கே போய்ச் சேர வேண்டியது அவர் பொறுப்பு.

சம்பளத் தகராறில் 2018இல் சீசனே தாமதமாகத்தான் தொடங்கியது. லக்ராஸை நம்பி மட்டும் வாழலாம் என்ற நிலை பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் டிசம்பர் வந்தால் மட்டையை எடுத்துவிடுகிறார்கள்.