ஒரு சொல்லில் படுத்த கணினி

பழைய மடிக்கணினி அது. லினக்ஸ் போட்டுச் சில வருடங்களாக முணுமுணுப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடட்டுமே என்ற ஆசையில் ஒரு கோப்பில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு மறுபடி துவக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வரிசையாகப் புகார்கள். எங்கும் எதையும் எழுத முடியாது என்று அடம்பிடித்தது கணினி. விஷயம் தெரிந்த நண்பர் சட்டென்று தீர்ப்புச் சொன்னார்: "அழிச்சுட்டுப் புதுசா போட்டுருங்க சார்." அதற்கு அவசியமே இருக்கவில்லை. வட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

நான் கைவைத்தது எங்கே என்று புரிய, மளிகைக் கடைக்கு ஒரு நடை போய்வர வேண்டும். பழைய கடைகளில் கணக்கை நேராகப் பேரேட்டில் ஏற்ற மாட்டார்கள். முதலில் சிட்டையில் குறிப்பு; ஓய்வாகப் பேரேட்டில் பதிவு. பதிவு பாதியில் நின்றாலும் சிட்டையைப் பார்த்து மிச்சத்தை முடித்துவிடலாம்.

வட்டில் ஒரு கோப்பைச் சேமிப்பதும் இப்படிப் பல வேலைகள் சேர்ந்ததுதான். காலியிடப் பட்டியலைத் திருத்த வேண்டும், கோப்பின் அளவையும் இருப்பிடத்தையும் பதிய வேண்டும், பெயரைச் சேர்க்க வேண்டும், உள்ளடக்கத்தையும் எழுத வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் கணக்கு உதைக்கும். 1993-இல் வந்த எக்ஸ்ட்2 கோப்பு முறைமையில் இதற்கு ஒரே வைத்தியம், அடுத்த முறை துவங்கும்போது வட்டு முழுவதையும் அலசுவது. வட்டுகள் பெருக்கப் பெருக்க இந்தக் காத்திருப்பும் நீண்டது. ஸ்டீஃபன் ட்வீடி அதற்கு ஒரு சிட்டை சேர்த்தார். ஜர்னல் என்று பெயர். அப்படிப் பிறந்த எக்ஸ்ட்3, 2001-இல் லினக்ஸின் கருநிரலில் (கெர்னல்) இடம்பெற்றது. இன்று பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4, 2008 டிசம்பரில் வந்த கருநிரலின் 2.6.28 பதிப்பில் நிலைபெற்றது.

இந்தச் சிட்டையை மூன்று விதமாக எழுதலாம். உள்ளடக்கம் உட்பட எல்லாவற்றையும் குறிப்பது ஒன்று. பத்திரம், ஆனால் எழுத்து வேலை இரட்டிப்பு. வழக்கமாக இருப்பது 'ஆர்டர்டு': கணக்கு விவரம் மட்டும் சிட்டைக்குப் போகும், அதை உறுதிசெய்யும் முன் உள்ளடக்கம் வட்டில் இறங்கியிருக்க வேண்டும். மூன்றாவது 'ரைட்பேக்'. இந்த வரிசைக் கட்டாயம் அதில் கிடையாது, அதனால் வேகம். ஆனால் மின்சாரம் போய் வந்தபின் கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருக்க, உள்ளே எப்போதோ அழித்த வேறொரு கோப்பின் துணுக்கு உட்கார்ந்திருக்கலாம். நான் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

எந்த வட்டை எங்கே, எப்படி இணைக்க வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்வது 'எஃப்எஸ்டேப்' என்ற சிறு உரைக் கோப்பு. அதில் ரைட்பேக் என்று எழுதினேன். கருநிரல் துவங்கும்போது முதன்மைக் கோப்பு முறைமையை முதலில் வாசிக்க மட்டும் இணைக்கும். அப்போதே ஆர்டர்டு முறை ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் எஃப்எஸ்டேப்பைப் பார்த்து, எழுதவும் அனுமதிக்கும்படி மறு இணைப்பு நடக்கும். ஆனால் இணைந்திருக்கும்போது சிட்டை முறையை மாற்ற எக்ஸ்ட்4 சம்மதிக்காது. அந்த ஒரு சொல்லை மட்டும் தள்ளிவிட்டு மற்றதை ஏற்குமா என்றால், அதுவும் இல்லை. கோரிக்கை முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும்.

இனிதான் வேடிக்கை. சொல்லை நீக்க வட்டில் எழுத வேண்டும். எழுத மறு இணைப்பு வேண்டும். மறு இணைப்புக் கட்டளையோ மறுபடி எஃப்எஸ்டேப்பைத்தான் எட்டிப் பார்க்கிறது, அதே சொல்லைப் பொறுக்கிக்கொண்டு அதே இடத்தில் முட்டுகிறது. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை. வழி 'மவுன்ட்' கட்டளையின் கையேட்டிலேயே இருக்கிறது: இணைக்கும் இடத்தை மட்டும் சொன்னால் அது எஃப்எஸ்டேப்பைப் படிக்கும், வட்டின் பெயர், இடம் இரண்டையும் சொன்னால் படிக்காது. இரண்டையும் சொன்னேன், கதவு திறந்தது. சொல்லை அழித்து மறுபடி துவக்கினேன். ஐந்து நிமிட வேலை.

கட்டளை வரிக்குக்கூட வரமுடியாத நிலை என்றால், பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் கைகொடுக்கும். அதில் துவக்கி, வட்டை வெளியிலிருந்து இணைத்துத் திருத்தலாம். பென் டிரைவுக்கும் ஓர் எஃப்எஸ்டேப் உண்டு. அதைத் திருத்திவிட்டு, சரியாகவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களும் உண்டு.

கோப்பு முறைமையின் தலைப்பேடான சூப்பர்பிளாக்கே கெட்டால் விவகாரம் பெரிது. 1,024 பைட் அளவுள்ள அந்தத் துண்டு இல்லாமல் வட்டில் எது எங்கே என்று சொல்ல ஆளில்லை. அதனால்தான் அதன் நகல்களை வட்டெங்கும் ஒளித்துவைத்திருக்கிறார்கள். 4,096 பைட் தொகுதிகள் கொண்ட வட்டில் முதல் நகல் வழக்கமாக 32,768-ஆம் தொகுதியில், அதாவது 128 எம்பி தள்ளி இருக்கும். அடுத்தவை அதன் 3, 5, 7, 9 மடங்குகளில். பழுதுபார்க்கும் நிரலிடம் இந்த எண்ணைக் கொடுத்தால் நகலை வைத்து மீட்கப் பார்க்கும். அதற்குமுன் வட்டை அப்படியே இன்னொரு வட்டுக்குப் பிரதி எடுத்துவிடுங்கள். பயன்பாட்டில் இணைந்திருக்கும் வட்டின்மேல் அந்த நிரலை ஒருபோதும் ஏவாதீர்கள்; நல்ல வட்டும் நாசமாகும்.

வேக ஆசை என்ன ஆயிற்று? ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். சிட்டை இன்னும் ஆர்டர்டு முறையில்தான் எழுதப்படுகிறது.