சேர்ந்து பாடுதலும் சமூகமும்: எம். பி. சீனிவாசனின் இசைப்பணி பற்றிய ஒரு நோக்கு

தமிழரிடையே செவ்வியல் இசை எனப் போற்றப்படுவது பெரும்பாலும் தனியொருவரின் ஆற்றலை மையமாகக் கொண்டு வளர்ந்ததாகும். பாடகர் ஒருவர், அவரைச் சூழ வயலின், மிருதங்கம் முதலான பக்கவாத்தியங்கள், எதிரே கேட்போர் என்பதே கச்சேரியின் அமைப்பு. இதில் நெறியாளர் என்றொருவருக்கு இடமில்லை. எனினும் பலர் கூடிப் பாடும் வழக்கம் எம்மிடையே இருந்தே வந்துள்ளது. பஜனைக் கோஷ்டி, நாற்று நடுவோர் பாட்டு, கிறித்தவ ஆலயப் பாடகர் குழாம் ஆகியன இதற்குச் சான்று. ஆயின் இவை வழிபாடாகவோ தொழிற்பாட்டாகவோ கருதப்பட்டனவேயன்றிச் ‘சங்கீதம்’ என்னும் மதிப்பைப் பெறவில்லை. இம்மதிப்பீட்டை நடைமுறையிலே கேள்விக்குள்ளாக்கியவருள் எம். பி. சீனிவாசன் (1925–1988) முக்கியமானவர். பல்கலைக்கழக மாணவரிடையே அவர் ஆற்றிய பணியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சீனிவாசன் மாணவர் இயக்கத்தின் வழியாகக் கொம்யூனிஸ்ட் அரசியலுக்கு வந்தவர். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் கலை நோக்கு அவரை உருவாக்கிற்று. வங்கத்தில் அம்மரபினின்று தோன்றிய சலில் சௌதுரி போன்றோர் சேர்ந்திசையை மக்கள் கலையாக வளர்த்தனர். 1958இல் ரூமா குஹ தாகுர்தா கல்கத்தா இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவினார். சீனிவாசனோ திரைப்படத்துறையிற் பணியாற்றலானார். நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ (1960) தமிழில் அவருக்குப் பெயர் தந்தது. பின்னர் மலையாளத் திரையிசையிலே அவர் பெரிதும் அறியப்பட்டார். கே. ஜே. யேசுதாசின் முதற் திரைப்பாடல் 1961இல் அவரது இசையிலேயே பதிவாயிற்று. திரையிசைக் கலைஞர் தமக்கெனத் தொழிற்சங்கம் அமைப்பதிலும் அவர் முன்னின்றார். பெயர் வெளிவராத வாத்தியக்காரர் பலரின் கூட்டுழைப்பே திரையிசை என்பதை நன்குணர்ந்தவர் சேர்ந்திசையை நாடியமை தற்செயலானதன்று.

1970களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக மாணவர் சிலரைக் கொண்டு அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். முறையான சங்கீதப் பயிற்சி அற்றவரும் இதில் இடம்பெற்றனர். பாரதியின் பாடல்களோடு இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களையும் குழு பாடிற்று. இங்கு ஆசிரியரும் நெறியாளரும் ஒருவரே. இவ்விரு பணிகளும் ஒன்றியபோது எழுந்த இசைச் சிக்கல்கள் ஆழ்ந்து நோக்கத்தக்கன.

முதலாவது சுருதிச் சிக்கலாகும். எம் மரபில் ஆண்கள் ஏறத்தாழ ஒரு கட்டையிலும் பெண்கள் ஐந்து கட்டையிலும் பாடுவது வழக்கம். இருபாலாரும் ஒரே சுருதியிற் பாடவேண்டுமெனின், ஒரு கட்டையிற் பெண்களின் குரல் மேற்ஸ்தாயியிலே திணறும். ஐந்து கட்டையில் ஆண்களுக்கு மேற்ஸ்தாயி எட்டாததாகும். எனவே மெட்டைப் பகுத்து, அவரவர் குரலுக்கு இயைந்த பகுதியை அவரவருக்கு அளித்தல் இன்றியமையாததாகிறது.

இரண்டாவது கமகம் பற்றியது. தனிப்பாடகர் ஒரு சுரத்தைத் தம் மனோதர்மத்துக்கேற்ப அசைக்கலாம். முப்பது குரல்கள் அதனை முப்பது விதமாக அசைப்பின் ஓசை கலங்கும். ஆதலின் அசைவின் அளவை முன்னரே வரையறுத்து, யாவருக்கும் ஒரே வகையிற் பயிற்ற வேண்டும்.

மூன்றாவது பல்குரல் இயைபு. மேலைத்தேயச் சேர்ந்திசையில் வெவ்வேறு சுரங்கள் ஒருங்கே ஒலித்து இயைபை உண்டாக்குகின்றன. மோகன இராகத்தை எடுத்துக்கொள்வோம். ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களே அதற்குரியன. மேலைத்தேய முறைப்படி மும்மூன்று சுரங்களாக அடுக்க முனைந்தால் ச–க–ப, த–ச–க என்னும் இரண்டு அடுக்குகளே இராகத்தினுள் அமையும். ஏனையவற்றுக்கு மத்திமமோ நிஷாதமோ வேண்டும். அவை நுழைந்ததும் மோகனம் மறையும். ஆகவே ஒவ்வொரு குரலும் இராகத்தினுள் நின்றே வேறு வழியிற் செல்லுதல், ஒரு பகுதியினர் ஆதாரச் சுரத்தைப் பிடித்து நிற்றல், வினாவிடையாக மாறி மாறிப் பாடுதல் முதலிய உத்திகள் தேவைப்படுகின்றன. மெட்டின் முதன்மையைக் காத்துக்கொண்டு பல்குரல் அமைப்பை அளவோடு கையாள்வதே சீனிவாசனின் பொது நெறியாக இருந்தது எனலாம்.

இம்முறையில் இழப்பும் உண்டு. இராக ஆலாபனையின் விரிவும் கற்பனாசுரத்தின் சுதந்திரமும் சேர்ந்திசைக்கு இயலாதவை. இதனைக் கொண்டு அதனை இரண்டாந்தரக் கலை என்பாரும் உளர். ஆயின், அரங்கேற்றம் காணும் ஒருவரை உருவாக்குவதையே இசைக்கல்வியின் அளவுகோலாகக் கொள்ளும்போது, கற்றும் மேடையேறாத பெரும்பான்மையோர் வெறும் கேட்போராகவே எஞ்சுகின்றனர். அவர்களைப் பாடுவோராக மாற்றுவதே சேர்ந்திசையின் சமூகப் பயன்.

எமது நாட்டில் இதற்கு ஒப்பான முயற்சி கூத்துத்துறையில் நிகழ்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) முதலியவற்றை மேடையேற்றினார். விடியவிடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கியமையால் அதன் இயல்பு கெட்டதென்ற விமர்சனம் எழுந்தது. எனினும் கிராமத்துக் கலையொன்று பல்கலைக்கழகத்தின் மதிப்பைப் பெற்றதும், மாணவர் அதனைத் தம் உடலாற் பயின்றதும் அம்முயற்சியின் பேறுகளாகும். இருவருமே மாணவரைக் கலையின் பங்காளராக்கினர்.

1988 மார்ச் 9ஆம் நாள் சீனிவாசன் இலட்சத்தீவில் மறைந்தார். சென்னையில் அவர் தொடங்கிய குழு அவருக்குப் பின்னரும் பாடி வந்தது. திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு குழு இயங்கலாயிற்று. ஆசிரியரின் மறைவுக்குப் பின்னும் நிலைபெறுதலே இத்தகைய பணிக்குரிய உரைகல்.

கொழும்பிலே, ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் வீடுகளிற் சங்கீதம் கற்கும் பிள்ளைகள் பலர். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்குத் தனித்தனியே ஆயத்தமாகின்றனர். கொட்டாஞ்சேனை ஆலயங்களிலோ தமிழ்ப் பாடகர் குழாம்கள் கூடிப் பாடுகின்றன. ஒருபாலார் இராகம் அறிவர். மற்றையோர் சேர்ந்து பாடும் ஒழுங்கை அறிவர். இவ்விரு பயிற்சிகளும் ஒரே மண்டபத்திற் சந்திக்கப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் வழிசெய்யலாம். அதற்கு வேண்டியவை ஓர் ஆர்மோனியமும், வாரத்தில் ஒரு மாலையும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியருமே.