சுக்கான் பிடித்த ஓவியர்

நிறங்களைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் பால் சின்யாக்கின் 'சிவப்பு மிதவை' ஓவியத்தின் அச்சுப்படத்தை வகுப்புச் சுவரில் மாட்டிவிடுவேன். 1895-இல் வரைந்தது. அசல் பாரிஸில், ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் இருப்பது பிரான்சின் தென்கரைத் துறைமுகமான சான் த்ரோபே. பாய்மரப் படகுகள், வெயில் விழுந்த வீடுகள், முன்னால் ஆழ்ந்த நீலத் தண்ணீரில் ஒற்றைச் சிவப்பு மிதவை. அதன் பிம்பம் ஆரஞ்சாக நெளிந்து நெளிந்து இறங்குகிறது.

"சார், இந்த நீலம் மட்டும் ஏன் இப்படி ஜொலிக்குது?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அந்த ஆரஞ்சைக் கையால் மறைத்துவிட்டுப் பார் என்பேன். நீலம் சட்டென்று அடங்கிவிடும்.

இதன் சூட்சுமத்தை விளக்கியவர் ஒரு வேதியியலாளர். பாரிஸின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவைக் கவனித்த ஷெவ்ரோல். கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்தபோது சாயத்தைச் சோதித்தார்; அதில் குறையில்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. 1839-இல் இதை நூலாகவே எழுதினார். ஓவியர்களான ஜார்ஜ் சூராவும் சின்யாக்கும் அதைப் பற்றிக்கொண்டார்கள். வண்ணங்களைத் தட்டில் குழைத்தால் மங்கும்; தனித்தனிப் புள்ளிகளாக அருகருகே வைத்தால் பார்ப்பவர் கண்ணே சேர்த்துக்கொள்ளும். மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறமாக இருந்து மின்னுகிறதே, அதுபோல. 1886-இல் விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் இந்தப் பாணிக்கு நவ இம்ப்ரெஷனிசம் என்று பெயரிட்டார்.

சூரா 1891-இல், 31 வயதில் இறந்துபோனார். மறு ஆண்டு சின்யாக் தன் 'ஒலிம்பியா' படகில் சான் த்ரோபே வந்து சேர்ந்தார். வாழ்நாளில் 30-க்கும் மேற்பட்ட படகுகள் வைத்திருந்தவர். கணக்குப் போட்டு வரைந்த உயிரற்ற படங்கள் என்று இவர்களைப் பழிப்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்கவே முடியாது. காற்று திரும்புவதையும் அலை ஒளியை உடைப்பதையும் சுக்கானைப் பிடித்துக் கற்ற மனிதரின் தண்ணீர் இது. விஞ்ஞானம் அவருக்கு வழி காட்டியது, அவ்வளவே.

பாரிஸ் போகும் வாய்ப்பு கிடைத்தால் இந்தப் படத்தின் அருகில் போய் ஒவ்வொரு தீற்றலாகப் பாருங்கள். பிறகு பத்தடி பின்னால் வந்து, நிதானமாக இன்னொரு முறை பாருங்கள்.