நிரலாக்கத் திறமை மழுங்காதிருக்கப் போட்டிகள்

திருவனந்தபுரம் நகரின் தம்பானூர்ப் பகுதியில் ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் சாலையின் இருபுறங்களிலும் எதிரெதிரே அமைந்துள்ளன. ரயில் பாதை 1931ஆம் ஆண்டில் இவ்விடம் வரை நீட்டப்பெற்றது. இன்று நாகர்கோவிலுக்கும் கொல்லத்திற்கும் அவற்றிற்கு அப்பாலும் செல்லும் மக்கள் கூடுமிடமாகத் தம்பானூர் விளங்குகிறது. இத்தகைய நிலையத்தை நடத்துவோர் முன் ஓர் எளிய கேள்வி எழுகிறது. வரும் பேருந்து எதுவும் இடமின்றி வெளியே காத்து நிற்காதிருக்க வேண்டுமாயின், குறைந்த அளவு எத்தனை நிறுத்துமிடங்கள் தேவை?

கணிப்பொறிக்கு நிரல் எழுதும் போட்டிகளில் பழகியவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. இதனை ஒத்த கணக்குகள் அப்போட்டிகளில் பல்வேறு உருவங்களில் வருவதுண்டு. முன்னொரு காலத்தில் நிரலாக்கம் கற்றுப் பின்னர் ஓராண்டு, ஈராண்டு அதனைத் தொடாதிருந்த ஒருவர் இக்கணக்கை எடுத்துக்கொண்டால், விடை காணும் வழி ஓரளவு மனத்தில் தோன்றும். ஆயினும் எழுதத் தொடங்கியதும் கை தடுமாறும். பயிற்சி முகாமில் கற்ற ஆசிரியர்களுக்கும், புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் கள ஊழியர்களுக்கும் இவ்வனுபவம் பொதுவானது. இத்தடுமாற்றத்தைப் போக்குவதற்குப் போட்டிகள் எவ்வாறு பயன்படுகின்றன என்பதும், அவற்றுள் தக்கதை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதும் இங்கு விளக்கப்பெறும்.

தம்பானூர்க் கணக்கு

விளக்கத்திற்காக ஆறு பேருந்துகளைக் கொள்வோம். அவை நிலையத்தில் நிற்கும் நேரங்கள் பின்வருமாறு: முதலாவது 8.00 முதல் 8.20 வரை, இரண்டாவது 8.05 முதல் 8.40 வரை, மூன்றாவது 8.15 முதல் 8.25 வரை, நான்காவது 8.22 முதல் 8.50 வரை, ஐந்தாவது 8.30 முதல் 8.45 வரை, ஆறாவது 8.42 முதல் 9.00 வரை.

ஒவ்வொரு பேருந்தும் வந்து சேரும் வேளையில் நிலையத்தில் எத்தனை பேருந்துகள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பது ஒரு முறை. ஆறு பேருந்துகளுக்கு இது போதும். ஆனால் ஒரு லட்சம் பதிவுகள் இருப்பின், ஒவ்வொன்றையும் மற்றெல்லாவற்றோடும் ஒப்பிட ஏறத்தாழ ஆயிரம் கோடி ஒப்பீடுகள் வேண்டியிருக்கும்.

மற்றொரு முறை இதனினும் சிறந்தது. வருகை, புறப்பாடு ஆகிய எல்லா நேரங்களையும் ஒரே வரிசையில் ஏறுமுகமாக அடுக்கிக்கொள்ள வேண்டும். பின்னர் வரிசையின் தொடக்கத்திலிருந்து செல்கையில், வருகை தோன்றினால் ஒன்றைக் கூட்டுக. புறப்பாடு தோன்றினால் ஒன்றைக் கழிக்க. இடையில் கிடைக்கும் மிகப்பெரிய எண்ணே விடை. மேற்கண்ட ஆறு பேருந்துகளுக்கு எண்ணிக்கை 1, 2, 3 என ஏறி, பிறகு 2க்கும் 3க்கும் இடையே மாறி, இறுதியில் பூச்சியமாகிறது. ஆகவே 3 நிறுத்துமிடங்கள் போதும். ஒரு லட்சம் பேருந்துகளாயினும், அடுக்குவதற்குச் சுமார் 36 லட்சம் ஒப்பீடுகளே தேவைப்படும். முதல் முறையை நோக்க இஃது ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு வேலையாகும்.

நடுவரின் பணி

போட்டியில் விடையை மதிப்பிடுவது மனிதர் அல்லர். ஒரு கணிப்பொறி நிரலே நடுவராக இருந்து மதிப்பிடுகிறது. அனுப்பப்பெற்ற நிரலைப் போட்டியாளருக்குக் காட்டப்பெறாத பல உள்ளீடுகளைக் கொண்டு அது சோதிக்கும். விடை சரியா, குறித்த காலத்திற்குள் கிடைத்ததா, நினைவகம் அளவுக்கு மீறாதிருந்ததா என்பவற்றை ஆராய்ந்து, சில விநாடிகளிலோ நிமிடங்களிலோ முடிவைத் தெரிவிக்கும். தாட்சணியம் என்பது அதற்கு இல்லை.

இந்நடுவரால் விளையும் நன்மையைத் தம்பானூர்க் கணக்கிலேயே காணலாம். நான்காவது பேருந்து 8.22க்குப் பதிலாகச் சரியாக 8.20க்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அதே நிமிடத்தில் முதல் பேருந்து புறப்படுகிறது. காலியான இடத்தில் உடனே மற்றொன்று நிற்கலாம் என்று கணக்கில் கூறியிருந்தால், புறப்பாட்டை முதலில் கழிக்க வேண்டும், விடை 3. அவ்வாறு நிற்க இயலாது என்று கூறியிருந்தால், வருகையை முதலில் கூட்ட வேண்டும், விடை 4. கேள்வியை ஊன்றிப் படியாதவர் இவ்விடத்தில் தவறுவர். அன்றியும், இரவு 11.50க்கு வந்து 12.10க்குப் புறப்படும் பேருந்துக்குப் புறப்பாட்டு நேரம் மறுநாளைச் சேர்ந்தது. இதனை நினையாது எழுதிய நிரலில், அப்பேருந்து வருவதற்கு முன்பே போய்விட்டதாகக் கணக்காகிவிடும்.

இவை போட்டிக்காகப் புனையப்பெற்ற சிக்கல்கள் அல்ல. மழை அளவுப் பதிவேட்டிலும், தடுப்பூசிப் பட்டியலிலும், மாணவர் வருகைப் பதிவிலும் இவை போன்றவை நாள்தோறும் வருகின்றன. பதிவேட்டில் நேரும் தவறு பல மாதங்கள் மறைந்திருக்கும்; போட்டியிலோ அஃது உடனே வெளிப்படும். பயிற்சிக்குப் போட்டி ஏற்றதாயிருப்பதன் முதன்மைக் காரணம் இதுவே.

போட்டிகளின் வகைகள்

கல்லூரி மாணவர்க்கான சர்வதேச நிரலாக்கப் போட்டி, அதாவது ஐ.சி.பி.சி., 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த போட்டியிலிருந்து வளர்ந்தது. மூவர் கொண்ட குழு ஒரே கணிப்பொறியைக் கொண்டு ஐந்து மணி நேரம் போட்டியிடும். முடிவில் சரியான விடை கண்ட கணக்கிற்கு, முன்னர் அனுப்பிய ஒவ்வொரு தவறான விடைக்கும் 20 நிமிடம் தண்டமாகச் சேர்க்கப்பெறும். இந்தியாவில் இதன் வட்டாரப் போட்டிகள் நடைபெற்ற இடங்களுள் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்திலுள்ள அமிர்தபுரி குறிப்பிடத்தக்கது. தம்பானூரிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் சில மணி நேரத்தில் அவ்வூரை அடையலாம்.

பள்ளி மாணவர்க்கான சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடு 1989ஆம் ஆண்டில் பல்கேரியாவில் தொடங்கியது. இந்தியா 2002 முதல் இதில் பங்கு கொள்கிறது. இதற்கான இந்தியத் தேர்வுகளைச் சென்னைக் கணிதக் கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் பேணி வளர்த்துள்ளனர். இத்தேர்வுகளின் எழுத்துச் சுற்றுக்குக் கணிப்பொறி தேவையில்லை. தாளும் எழுதுகோலும் போதும். அதன் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கணிப்பொறி குறைவாயுள்ள பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு இவை பெரிதும் உதவும்.

மேற்கூறிய இரண்டிலும் மாணவரே போட்டியிட இயலும். வயதும் தொழிலும் பாராது அனைவரையும் ஏற்கும் போட்டிகளை இணையத்தின் வழி நடத்தும் நிலையங்கள் வேறு உள்ளன. இந்தியாவில் 2009இல் தோன்றிய கோடுசெஃப், ரஷ்யாவில் 2010இல் தோன்றிய கோடுஃபோர்சஸ், ஜப்பானின் அட்கோடர் ஆகியவை இவ்வகையின. இவற்றின் போட்டிகள் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தை ஒட்டியவை. அட்கோடரின் தொடக்கநிலைப் போட்டி வார இறுதியில், இந்திய நேரப்படி மாலை 5.30க்குத் தொடங்கி 100 நிமிடங்கள் நடைபெறும்.

நேரக் கெடுபிடி இல்லாதவையும் உண்டு. 2001இல் தொடங்கிய புராஜெக்ட் ஆய்லரில் கணிதம் சார்ந்த கணக்குகள் உள்ளன. அவற்றைத் தீர்க்கக் கால எல்லை இல்லை. 2015 முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் வரும் அட்வெண்ட் ஆஃப் கோடு, நாளுக்கு ஒரு புதிரை இரு பகுதிகளாகத் தருகிறது. முன்பு 25 நாட்கள் நடந்த இது 2025இல் 12 நாட்களாகக் குறைக்கப்பெற்றது. இங்கு விடையாகிய எண்ணை மட்டும் அளித்தால் போதும். எம்மொழியிலும் நிரல் எழுதலாம்.

தெரிந்தெடுக்கும் முறை

புகழும் பரிசும் கொண்டு போட்டியைத் தெரிந்தெடுத்தல் பலருக்கு வழக்கம். திறமையைக் காத்துக்கொள்ள விழைவோருக்கு இஃது ஏற்ற அளவுகோல் அன்று. மிகப் புகழ்பெற்ற கூகுள் நிறுவனத்தின் கோடு ஜாம் போட்டி 2003இல் தொடங்கி 2023இல் நிறுத்தப்பெற்றது. ஆண்டுக்கொருமுறை வரும் அப்போட்டியை மட்டும் நம்பியிருந்தோரின் பயிற்சியும் அத்துடன் நின்றுபோயிருக்கும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கருதுவது நலம்.

முதலாவது, கால ஒழுங்கு. வாரம் ஒரு முறையோ இரு வாரங்களுக்கு ஒரு முறையோ தவறாமல் வரும் போட்டியே பழக்கத்தை நிலைநிறுத்தும். குறித்த மாலை ஓய்வில்லாத ஊழியர், கோடுஃபோர்சஸ் போன்ற நிலையங்களில் நடந்து முடிந்த போட்டியைத் தமக்கேற்ற நேரத்தில், அதே கால அளவில் எழுதிப் பார்க்கலாம்.

இரண்டாவது, தரம். நான்கு கணக்குகளில் இரண்டு எளிதாகவும், ஒன்று முயற்சியால் இயல்வதாகவும், ஒன்று இயலாததாகவும் இருக்கும் போட்டி தக்கது. எல்லாம் எளிதாயின் வளர்ச்சியில்லை. எல்லாம் கடினமாயின் மூன்றாம் வாரத்தில் சோர்வு வரும்.

மூன்றாவது, விளக்கம். போட்டி முடிந்தபின் தீர்வு விளக்கங்கள் வெளியிடப்பெறுகின்றனவா, அதே கணக்கிற்கு மீண்டும் விடை அனுப்ப இயலுமா என்று பார்க்க வேண்டும். மறுநாள் அமர்ந்து, தவறிய கணக்கை மீண்டும் எழுதுவதே பயிற்சியின் முதன்மையான பகுதி. போட்டியில் பெற்ற இடம் சில நாட்களில் மறந்துவிடும். தவறைக் கண்டு திருத்தி எழுதிய கணக்கு மறவாது. ஒரு சிறு குறிப்பேட்டில் தவறின் காரணத்தை ஒரு வரியில் எழுதி வைத்தல் நன்று. ஆறு மாதங்களில் அக்குறிப்பேட்டைப் புரட்டினால், ஒரே வகைத் தவறு எத்தனை முறை வந்தது என்பது தெரியவரும்.

போட்டியின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். நூறு வரிகளுக்குள் அடங்கும் நிரலை விரைவில் எழுதும் ஆற்றலை அது வளர்க்கும். பலர் கூடி ஆண்டுக்கணக்கில் பேணும் பெரிய நிரலை அமைக்கும் திறமை அதனால் மட்டும் வாராது.

வகுப்பறையில்

கேரளத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் மன்றங்கள் இயங்குகின்றன. இவற்றை வழிநடத்தும் பொறுப்பு அப்பள்ளிகளின் ஆசிரியர்களுடையது. தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புகளில் சி பிளஸ் பிளஸ், பைத்தான் ஆகிய மொழிகள் பாடத்தில் இடம்பெற்றுள்ளன. ஆசிரியரின் கை பழகியிருந்தாலன்றி மாணவரின் பிழையை அவர் விரைவில் காண இயலாது. வாரத்தில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதி, முதலில் தாளில் தீர்க்கச் செய்து, பிறகு கணிப்பொறிக்குச் செல்வது நற்பயன் தரும். கணக்கைத் தம்மூர்ப் பேருந்து நிலையத்தின் கால அட்டவணையிலிருந்தே அமைக்கலாம். நள்ளிரவைக் கடக்கும் பேருந்து ஒன்றை அதில் சேர்த்து, அதனைக் கவனிக்கும் மாணவர் யாவர் என்று பார்க்கலாம்.

இயந்திரம் எழுதும் காலத்தில்

இன்று நிரலை இயந்திரமே எழுதித் தருகிறது. 2025ஆம் ஆண்டு பாக்கு நகரில் நடந்த ஐ.சி.பி.சி. இறுதிப் போட்டியின் 12 கணக்குகளையும் ஒரு செயற்கை அறிவு முறை தீர்த்தது; மற்றொன்று 10ஐத் தீர்த்தது. அவ்வாறாயின் மனிதர் பயில்வது எதற்கு என்று கேட்கலாம்.

இயந்திரம் தந்த நிரலை ஏற்று, அதன் முடிவின் கீழ்க் கையொப்பமிடுபவர் ஊழியரே. நள்ளிரவுப் பேருந்தை அந்நிரல் மறந்ததா, ஒரே நிமிடத்தில் நேரும் வருகையையும் புறப்பாட்டையும் எவ்வாறு கொண்டது என்று கேட்கத் தெரிந்தவர், அத்தகைய தவறுகளைத் தம் கையால் செய்து திருத்தியவராகவே பெரும்பாலும் இருப்பார். ஆகவே பயிற்சிப் போட்டியில் இயந்திரத்தின் துணையின்றி எழுதுவதே முறை. பல போட்டிகளின் விதிகளும் அத்துணையைத் தடுக்கின்றன. முடிந்தபின் இயந்திரத்தின் விடையைத் தம் விடையோடு ஒப்பிட்டு ஆராய்வதில் தடையில்லை.

புதிதாகத் தொடங்குவோர் முதல் வாரத்தில் தம்பானூர்க் கணக்கைத் தாமே எழுதி முடிக்கலாம். இரண்டாம் வாரத்தில் பழைய தொடக்கநிலைப் போட்டி ஒன்றின் முதலிரு கணக்குகளை எழுதலாம். மூன்றாம் வாரத்தில் ஒரு நேரடிப் போட்டியில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். வாரத்திற்கு மூன்று மணி நேரம் இதற்குப் போதுமானது.