திருடன் ரஷ்யாவில்! பூட்டு அமெரிக்காவில்!

உங்களுக்கு ஓர் இமெயில் வருகிறது. "பில் இணைக்கப்பட்டுள்ளது, பார்க்கவும்" என்று ஒரு வரி. கூடவே ஒரு வேர்ட் பைல். திறந்தால் எழுத்துகள் தெளிவாக இல்லை. "சரியாகப் பார்க்க மேலே உள்ள பட்டனை அழுத்தவும்" என்கிறது பைல். மேலே மஞ்சள் பட்டையில் "எனேபிள் கன்டென்ட்" என்று ஒரு பட்டன். கம்ப்யூட்டருக்குப் புதியவர் என்ன செய்வார்? அழுத்திப் பார்ப்பார். அந்த ஒரு கிளிக்கை நம்பித்தான் டிரிடெக்ஸ் என்ற திருட்டு புரோகிராம் உலகம் முழுக்கப் பரவியது.

வேர்ட் பைலுக்குள் "மேக்ரோ" எனப்படும் சிறு புரோகிராமை எழுதி வைக்கலாம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் இருக்க உதவும் நல்ல வசதி இது. டிரிடெக்ஸ் கும்பல் இதையே வாசலாக்கிக்கொண்டது. பட்டனை அழுத்தியதும் மேக்ரோ இயங்கி, இன்டர்நெட்டிலிருந்து டிரிடெக்ஸை டவுன்லோட் செய்யும். பிறகு எந்த அறிகுறியும் தெரியாது. நீங்கள் உங்கள் வங்கியின் தளத்தைத் திறக்கும்வரை அது காத்திருக்கும். யூசர் நேம், பாஸ்வேர்ட் டைப் செய்தவுடன் அவற்றைத் திருடி அனுப்பிவிடும்.

யார் இவர்கள்?

இதை நடத்திய கும்பலின் பெயரே "ஈவில் கார்ப்", அதாவது தீய கம்பெனி! ரஷ்யாவிலிருந்து இயங்கிய இவர்கள், 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் 10 கோடி டாலருக்கு மேல் திருடியதாக அமெரிக்க நிதித்துறை 2019-ல் அறிவித்தது. தலைவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர் மக்சிம் யாகுபெட்ஸ். இவர் ஓட்டிய லம்போர்கினி காரின் நம்பர் பிளேட்டில் ரஷ்ய மொழியில் "திருடன்" என்றே எழுதியிருந்ததாம்!

பிடிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ரஷ்ய அரசியல் சட்டப்படி அந்நாட்டுக் குடிமக்களை வேறு நாட்டிடம் ஒப்படைக்க முடியாது. எனவே அமெரிக்கா அவரைப் பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு 50 லட்சம் டாலர் வரை பரிசு அறிவித்தது. கூடவே இன்னொரு ஆயுதத்தையும் எடுத்தது. அதுதான் பொருளாதாரத் தடை.

தடை எப்படி வேலை செய்கிறது?

வெளிநாட்டிலிருந்து கம்ப்யூட்டர் தாக்குதல் நடத்துவோர் மீது தடை விதிக்க வழிசெய்யும் உத்தரவை அதிபர் ஒபாமா 2015 ஏப்ரல் 1 அன்று பிறப்பித்தார். அதன்படி ஒருவர் பெயர் பட்டியலில் ஏறினால், அமெரிக்காவில் அவருக்குள்ள சொத்துகள் முடக்கப்படும். அமெரிக்கர்களும் அமெரிக்கக் கம்பெனிகளும் அவருடன் கொடுக்கல் வாங்கல் செய்யக் கூடாது. டாலரில் நடக்கும் வியாபாரம் பெரும்பாலும் அமெரிக்க வங்கிகள் வழியாகவே போவதால், மற்ற நாட்டு வங்கிகளும் இந்தப் பட்டியலைப் பார்த்துத் தயங்கும். 2019 டிசம்பர் 5 அன்று ஈவில் கார்ப்பும் அதைச் சேர்ந்தவர்களும் இந்தப் பட்டியலில் ஏற்றப்பட்டனர்.

அப்போது இந்தக் கும்பல் ரான்சம்வேர் தொழிலிலும் இறங்கியிருந்தது. உங்கள் பைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்பதுதான் ரான்சம்வேர். தடையின் உண்மையான அடி இங்கேதான் விழுந்தது. பட்டியலில் உள்ளவருக்குப் பணம் கொடுத்தால், கொடுத்த அமெரிக்கக் கம்பெனியே சட்டத்தை மீறியதாகும். "யாருக்குக் கொடுத்தோம் என்று தெரியாது" என்று சொல்லியும் தப்ப முடியாது. விளைவு, பணம் வருவது கடினமாயிற்று.

திருடர்கள் சும்மா இருப்பார்களா? கடை அதே, பெயர்ப்பலகை மட்டும் மாறியது. 2020-ல் வேஸ்டட்லாக்கர், பிறகு ஹேடிஸ், அதன் பிறகு வேறு பெயர்கள். கடைசியில் லாக்பிட் என்ற இன்னொரு கும்பலின் ரான்சம்வேரையே எடுத்துப் பயன்படுத்தினர். தடை விதித்தவர்களும் விடவில்லை. லாக்பிட்டின் தலைவர் என்று சொல்லப்பட்ட டிமித்ரி கோரோஷெவ் மீது 2024 மே மாதம் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றும் தடை விதித்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஈவில் கார்ப்பைச் சேர்ந்த மேலும் பலர் பட்டியலில் ஏறினர். அவர்களில் யாகுபெட்ஸின் மாமனாரும் ஒருவர்; அவர் ரஷ்ய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி.

ஆக, தடை திருடனைச் சிறையில் அடைக்கவில்லை. அவனுக்குப் பணம் போகும் பாதையை நெருக்குகிறது. ஆனால் நீங்கள் இழந்த பைலை அது மீட்டுத் தராது. அந்த வேலை உங்களுடையது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* எதிர்பாராமல் வரும் இமெயிலில் உள்ள பைலைத் திறக்காதீர்கள். தெரிந்தவர் பெயரில் வந்தாலும் போனில் கேட்டுவிட்டுத் திறங்கள்.

* இன்டர்நெட்டிலிருந்து வரும் பைல்களின் மேக்ரோக்களைத் தானாகவே தடுக்கும் முறையை மைக்ரோசாப்ட் 2022-ல் ஆபீஸ் தொகுப்பில் கொண்டுவந்தது. எனவே ஆபீஸையும் விண்டோஸையும் அப்டேட் செய்து வையுங்கள். பழைய ஆபீஸ் என்றால் மஞ்சள் பட்டையைக் கண்டதும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுங்கள்!

* முக்கியமான பைல்களையும் போட்டோக்களையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இணைப்பிலேயே விட்டால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

* திருடன் கேட்ட பணத்தைக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 2024 பிப்ரவரியில் பிரிட்டன் போலீசார் லாக்பிட்டின் சர்வர்களைக் கைப்பற்றியபோது, பணம் கொடுத்தவர்களின் தகவல்களும் அழிக்கப்படாமல் அங்கேயே இருந்தன. வாங்கிய பணத்துக்குக்கூட நாணயம் இல்லை!

இன்று இரவே அந்தக் காப்பியை எடுத்துவிடுங்கள்.