கல்யாணத்துக்கு 50, வேலை போனால் 47: மாற்றம் ஏன் நம்மை இப்படி உலுக்குகிறது?

வேலை போச்சு, ஊர் மாறியாச்சு, நிச்சயமான கல்யாணம் நின்னுபோச்சு... எதுவானாலும் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: “பாசிட்டிவ்வா இரு, எல்லாம் சரியாயிடும்.” ஆனால், சந்தோஷம் என்ன ஃபேன் ஸ்விட்ச்சா, தட்டியதும் சுற்றுவதற்கு?

1967-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே இருவரும் 43 வாழ்க்கை மாற்றங்களைப் பட்டியலிட்டார்கள். திருமணத்தை அளவுகோலாக வைத்து, மற்ற ஒவ்வொன்றுக்கும் பழகிக்கொள்ள எவ்வளவு பாடுபட வேண்டும் என்று மக்களிடமே மதிப்பெண் கேட்டார்கள். வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73 கிடைத்தது. திருமணத்துக்கு 50. வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கோ 47தான்! பெரிய சாதனை ஒன்றைச் செய்வதற்குக்கூட 28 கிடைத்தது.

அதாவது, நல்ல மாற்றமும் ஆளை அசத்திவிடும். புரமோஷனோடு பெங்களூருவுக்குப் போன ஒருவர் முதல் மாதம் பி.ஜி. அறையில் உட்கார்ந்து அழுதால், அது நன்றிகெட்டத்தனமும் இல்லை, பலவீனமும் இல்லை.

சரி, இது எத்தனை நாள் நீடிக்கும்? இந்தக் கணக்கில்தான் நாம் அடிக்கடி தப்பு செய்கிறோம். டேனியல் கில்பர்ட், திமோத்தி வில்சன் உள்ளிட்ட உளவியலாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், காதல் முறிவு, பணி நிரந்தரம் கிடைக்காமல் போவது போன்ற அடிகளுக்குப் பிறகு எவ்வளவு காலம் வருந்துவோம் என்பதை மக்கள் மிகைப்படுத்தியே கணித்தார்கள். உடம்புக்கு நோய் எதிர்ப்புச் சக்தி இருப்பதுபோல மனதுக்கும் ஒன்று இருக்கிறது; அதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது அவர்களின் விளக்கம்.

அதற்காக, சும்மா இருந்தாலே காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து திரட்டிய தரவுகளை வைத்து 2004-ல் வெளியான ஆய்வு, வேலையிழந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி, மறுபடி வேலை கிடைத்த பிறகும் சராசரியாகப் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்று காட்டியது.

அப்படியானால் நம் கையில் இருப்பது எது? உணர்ச்சி இல்லை, செயல். ‘கான்ஃபிடன்ஸ் வரட்டும், அப்புறம் இன்டர்வியூ அட்டெண்ட் பண்ணலாம்’ என்று காத்திருப்பவர்கள் ஏராளம். 1977-ல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா சொன்னது இதற்கு நேர்மாறு. தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, ஒன்றைத் தானே செய்து முடித்த அனுபவம்தான். அடுத்தவர் தரும் ஊக்கம் அந்த அளவுக்கு வேலை செய்யாது. மோட்டிவேஷன் ரீல்ஸ் பார்த்தபின் வரும் உற்சாகம் மறுநாள் காலை காணாமல் போவது ஏன் என்று இப்போது புரியும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு: ஆரம்பத்திலேயே தோற்றால் நம்பிக்கை சீக்கிரம் சரியும். அதனால்தான் முதல் அடி சின்னதாக இருக்க வேண்டும். லேஆஃப் ஆனவர் ஒரே நாளில் 50 கம்பெனிக்கு விண்ணப்பித்துவிட்டு, பதில் வராமல் சோர்ந்து போவதைவிட, பழைய டீம் நண்பர் ஒருவருக்கு போன் போடலாம். ரெஸ்யூமேயில் ஒரு பத்தியைத் திருத்தலாம். மனச்சோர்வுக்கான சிகிச்சையிலும் இந்த வழி பயன்படுகிறது: மனநிலை மாறட்டும் என்று காத்திருக்காமல், செய்ய வேண்டியதைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, நேரம் குறித்துச் செய்ய வைக்கிறார்கள்.

இன்னொன்று, வீட்டில் சொல்வது. வேலை போனதை மறைத்து, தினமும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புபவர்களும் இருக்கிறார்கள். அந்த நடிப்புக்கே பாதி தெம்பு போய்விடும். இ.எம்.ஐ. தேதியும் யாருடைய பாசிட்டிவ் எண்ணத்துக்காகவும் தள்ளிப்போகாது. செலவுக் கணக்கைக் குடும்பத்தோடு உட்கார்ந்து போடுவதும் நம்பிக்கை தரும் வேலைதான்.

தூக்கம், பசி கெட்டு, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்ப்பது அவசியம். மத்திய அரசின் ‘டெலி மனஸ்’ இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.