விரித்தால் இரண்டு திரை, மடித்தால் சாப்பாட்டு மேசை

பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் காலை பத்து மணிக்கு மேல் பசியாறப் போனால் சில நாட்களாக ஒரு காட்சி கண்ணில் படுகிறது. தோசைத் தட்டை எடுத்துச் சென்ற கையோடு, அதே மேசையில் ஒருவர் மடிக்கணினியைத் திறக்கிறார். அடுத்து, பையிலிருந்து பெரிய கணக்குப் புத்தகம் மாதிரி ஒன்றை எடுத்து விரித்து நிறுத்துகிறார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு திரைகள். மடிக்கணினியின் திரையையும் சேர்த்தால் மூன்று. பக்கத்து மேசைக்காரர் தே தாரிக்கை ஆறவிட்டு எட்டிப் பார்க்கிறார்.

மடித்து எடுத்துச் செல்லும் இரட்டைத் திரை என்பது இதுதான். மடிக்கணினி, கைத்தொலைபேசி வாங்குவதற்கு முன் என்னிடம் யோசனை கேட்கும் நண்பர்கள் இப்போது இதையும் கேட்கிறார்கள். வானொலி வேலைக்கு நான் இதைப் பயன்படுத்துகிறேன். மேல் திரையில் நிகழ்ச்சிக் குறிப்பு, கீழ்த் திரையில் வெட்டி ஒட்ட வேண்டிய ஒலிப்பதிவு, மடிக்கணினியில் நேயர்களின் செய்திகள். ஆகவே பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. விளம்பரங்கள் இதைக் கடற்கரையிலும் விமானத்திலும் வைத்துக் காட்டுகின்றன. என் அனுபவத்தில் இது ஊர் சுற்றுகிறவருக்கான பொருள் அல்ல. தனக்கென்று ஒரு மேசை இல்லாதவருக்கான பொருள்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நம் வீடுகள் ஒரே நாளில் அலுவலகம் ஆயின. ஆணை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இன்றும் பலர். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளையும் வரிசை வீடுகளையும் கட்டியவர்கள் இதற்கென்று ஓர் அறையை நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று படுக்கையறை இருந்தால் மூன்றிலும் ஆள் இருக்கும். மிச்சம் இருப்பது சாப்பாட்டு மேசை.

கிள்ளானில் இருக்கும் என் அக்கா ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறார். மூன்று நாள் கேஎல் சென்ட்ரல் பக்கம் அலுவலகம், இரண்டு நாள் வீடு. வீட்டு நாட்களுக்காக 24 அங்குலத் திரை ஒன்றை வாங்கி மேசையில் வைத்தார். வைத்தது வைத்தபடி அங்கேயே குடியேறிவிட்டது. நான்காம் ஆண்டு படிக்கும் மகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். மாமா தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் சாப்பிட்டார். இரண்டு வருடம் அந்த வீட்டில் நால்வர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. இப்போது மாலை ஏழு மணிக்கு இரட்டைத் திரை மடிந்து அலமாரிக்குப் போகிறது. “அது மடியிறப்பதான் எனக்கே வேலை முடிஞ்ச மாதிரி இருக்கு” என்றார் அக்கா. அவர் கொடுத்த பணத்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டு வீட்டு நாட்களுக்குச் சட்டமும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. 1955ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது அப்போதுதான். வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ள எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் வழியும் அதில் வந்தது. முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலமே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்பதல்ல. வாய்மொழியாகக் கேட்டு, வாய்மொழியாகவே தட்டிக் கழிக்கப்பட்டு நிற்பதைவிட இது மேல்.

சரி, கடைக்குப் போகலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது திரையை அல்ல, உங்கள் மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ள துளையை. யூஎஸ்பி-சி துளைகள் பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிலவற்றில் மின்சாரமும் கோப்புகளும் மட்டுமே போகும், சிலவற்றில்தான் படமும் போகும். படம் போகும் வசதிக்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று பெயர். துளையின் அருகே அம்பு முனையுள்ள மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட், கவலையில்லை. குறி எதுவும் இல்லையென்றால் உங்கள் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். விற்பவர் “எல்லாத்துக்கும் ஓடும்” என்பார். அவர் வேலை அது.

மேக்புக் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். எம்1, எம்2 சில்லு உள்ள மேக்புக் ஏர் நேரடியாக ஒரே ஒரு வெளித் திரையைத்தான் தாங்கும். எம்3 ஏர் இரண்டைத் தாங்கும், ஆனால் மடிக்கணினியின் சொந்தத் திரையை மூட வேண்டும். எம்4 ஏரில்தான் மூடாமலே இரண்டு. தவிர, ஒரே கம்பியில் இரண்டு தனித்தனிப் படங்களை அனுப்பும் எம்எஸ்டி என்ற முறையை விண்டோஸ் ஏற்கும். மேக்கில் அந்த முறையில் இரண்டு திரையிலும் ஒரே படம்தான் வரும். இதைச் சமாளிக்க டிஸ்ப்ளேலிங்க் என்ற தொழில்நுட்பம் உள்ள திரைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மடிக்கணினியில் ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். அது அலுவலகம் கொடுத்த மடிக்கணினி என்றால் நிறுவும் உரிமை பெரும்பாலும் உங்களிடம் இருக்காது. ஐடி பிரிவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெட்டியைப் பிரித்த பிறகு கேட்பது வேதனை.

மின்சாரமும் யோசிக்க வேண்டியதே. இரண்டு திரையும் மடிக்கணினியின் பேட்டரியைக் குடித்துத்தான் எரியும். வெளிச்சத்தைக் கூட்டியதும் திரை கண் சிமிட்டினால், பெரும்பாலும் திரை கெட்டுவிடவில்லை, மின்சாரம் போதவில்லை. சுவரில் செருகும் 65 வாட் சார்ஜரை முதலில் திரைக்குக் கொடுத்து, அதன் வழியே மடிக்கணினிக்கும் அனுப்பும் வசதி உள்ளதை வாங்குவது நல்லது. சார்ஜரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டரில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அதில் இதை விரிக்க நினைக்காதீர்கள். 15.6 அங்குலத் திரை ஒன்றின் அகலம் சுமார் 34 செண்டிமீட்டர், உயரம் 19. இரண்டை அடுக்கினால் உங்கள் தலைக்குச் சமமாக நிற்கும். சுபாங் ஜெயாவில் ஏறியவர் ஷா ஆலம் வருவதற்குள் உங்கள் அலுவலகத்தில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று படித்து முடித்திருப்பார். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். விமானத்தில் ஏர் ஏசியாவின் கைப்பை வரம்பு 7 கிலோ. மடிக்கணினி, திரை, கம்பிகள் சேர்ந்தே நான்கு கிலோவைத் தொடும், மிச்சத்தில்தான் உங்கள் துணி. பவர் பேங்க்கைப் பயணப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான், பிரச்சினை இல்லை. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே தடை விதித்துள்ளது. போய்ச் சேர்ந்த ஊரில், ஹோட்டல் அறை மேசையில் விரிக்கும்போதுதான் இது உதவும். அங்கே நன்றாகவே உதவும்.

கழுத்தையும் மறந்துவிடக் கூடாது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருப்பதுதான் நல்லது. அடுக்குத் திரையில் மேல் பாதி கண்ணுக்கு மேலே போய்விடும். ஆகவே நீங்கள் எழுதும், தட்டும் வேலை கீழ்த் திரையில் இருக்கட்டும். எப்போதாவது நிமிர்ந்து பார்த்தால் போதும் என்பவற்றை மேலே வையுங்கள். தலைகீழாக வைத்து வேலை செய்தால் மூன்றாம் நாள் தைலம் தேட வேண்டியிருக்கும்.

விலை? நான் பார்த்தவை ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டியும் அதற்கு மேலும் இருந்தன. ஒற்றைத் திரை இதில் பாதிக்கும் கீழே கிடைக்கும். கட்டுரை எழுதுவது, பாடம் தயாரிப்பது போன்ற வேலைக்கு அந்த ஒற்றையே தாராளம். புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோயாட் பிளாசா மாதிரி இடங்களுக்கு உங்கள் மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்கலாம் என்பது நேரில் போவதன் பெரிய லாபம். அங்கேயே பத்து முறை மடித்து விரியுங்கள். இரண்டு திரையையும் இணைக்கும் கீல்தான் இதன் பலவீனமான இடம். கீலை அசைக்கும்போது படம் துடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரவழைக்கும்போது 500 ரிங்கிட்டுக்குக் கீழ்ப்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விலையை ஒப்பிடும்போது அதையும் சேருங்கள். உள்ளூர்க் கடைக்காரர் கைவிரித்தால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னும் மனம் தடுமாறினால் செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். வீட்டில் ஐபேட் இருந்தால் சைட்கார் வழியாக மேக்குக்கும், சில சாம்சங் டேப்லெட்டுகளில் செகண்ட் ஸ்கிரீன் வழியாக விண்டோசுக்கும் அதையே இரண்டாவது திரையாக மாற்றிக்கொள்ள முடியும். அதுவும் இல்லையென்றால் கூடத்துத் தொலைக்காட்சியும் ஒரு எச்டிஎம்ஐ கம்பியும் போதும். ஒரு வாரம் அப்படி வேலை செய்து பாருங்கள். வாரக் கடைசியில் அந்த இரண்டாவது திரையில் வாட்ஸ்அப் மட்டும்தான் திறந்து கிடந்தது என்றால், அந்த ஆயிரம் ரிங்கிட்டைத் தீபாவளிச் செலவுக்கு எடுத்து வையுங்கள்.